பூவை எடுத்தோம், புல் வந்தது

என் சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் நான்கு. மூத்தது இரண்டும் பெண். மூன்றாவது தொட்டிலோடு போய்விட்டது. நாலாவது இவன். இவன் பிறந்தது என் அப்பா ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட வருஷம், அதனால் இவன் வயது எனக்கு ஒருநாளும் தப்பாது. என்னைவிட ஒன்பது வயது இளையவன். முறைக்குத் தம்பி, வளர்த்த வகையில் பாதிப் பிள்ளை.

ஆறு வயதில் ஒரு காலையில் எழுந்ததும் தும்ம ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தோம். நானும் அவன் அக்காமார் இருவரும் சுற்றி உட்கார்ந்து விரலை மடக்குகிறோம், அவன் நிறுத்துகிற வழியாக இல்லை. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறான். நாங்கள் கைதட்டிக் கணக்குச் சொல்கிறோம். நாற்பது ஆனபோது சின்னம்மா கரண்டியோடு வந்துவிட்டாள். கணக்கு அங்கேயே நின்றது. அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு நாற்பது என்றே பெயர். பிறகு தெருவிலும் அதுவே ஆனது. அவனுக்கு நிஜமாகவே நாற்பது வயது ஆன வருஷம் எல்லாரும் கேலி செய்து சிரித்தார்கள். ஐம்பத்தெட்டிலும் அவன் நாற்பதுதான்.

வருஷத்தில் சில மாதங்கள் அவனுக்கு ஆகாது. காற்றில் பறக்கும் மகரந்தத் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரிய வைத்தியர் ஒருவர் சொன்னார். முதலில் தும்மல், பிறகு கண் அரிப்பு, பிறகு நெஞ்சுக்குள் ஒரு விசில். வளர வளர விசில் பெரிதானது. மூக்கு அடைத்து அடைத்து முப்பது வயதுக்குள் வாசனையே போய்விட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்தாலும் தெரியாது. சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இன்ஹேலர் இருக்கும்.

அவன் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவன் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை எடுப்பான். அதன்மேல் மெழுகு வைத்து, பல் நட்டு, கடைசியில் மெழுகை உருக்கிவிட்டு ஈறு நிறத்தில் கெட்டிப்படும் கலவையை ஊற்றுவான். வீட்டின் பின்னாலேயே பட்டறை. ஜன்னல் ஓரம் மேஜை, அரைக்கிற மெஷின், மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, அலமாரி நிறைய வெள்ளைத் தாடைகள். ஆளைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். தாடையைக் கையில் திருப்பிப் பார்த்தே, இந்த ஆள் ஒரு பக்கமாக மெல்லுகிறவர், இந்த அம்மா தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவள் என்று சொல்லுவான். நான் இன்றைக்கு மென்று சாப்பிடுவதும் அவன் செய்து கொடுத்த பல்லில்தான்.

அந்த மெழுகு வாசனைக்குத் தேனீ வரும். அவனுக்குத்தான் வாசனை தெரியாது, தேனீக்குத் தெரியுமே. ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து மெழுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். "வந்துட்டாங்கய்யா கஸ்டமரு" என்பான். ஒரு வருஷம் கொசுவுக்காகத் தெருவெல்லாம் மருந்துப் புகை அடித்தார்கள். மறுநாள் காலை ஜன்னல் மேடை முழுக்கத் தேனீ செத்துக் கிடந்தது. பல்லில் ஒட்டிய பொடியைத் தட்டும் சின்ன பிரஷ்ஷால் அதைக் கூட்டி அள்ளினான். அச்சு எடுக்கும் தட்டில் போட்டான், தட்டு நிறைந்துவிட்டது. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"மெழுகுல என்னக்கா இருக்கு திங்கறதுக்கு?" என்றான். "இந்தத் தெரு முழுக்க ஒரு பூ கெடையாது. வழி தெரியாம என்கிட்ட வந்திருக்குங்க. நான் வேடிக்கை பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

பட்டறைக்குப் பின்னால் கொல்லை. இருபது தப்படி நீளம், பன்னிரண்டு தப்படி அகலம். உடைந்த பிளாஸ்டரைக் கொட்டும் இடம் அது. அந்த வாரமே கடப்பாரையை எடுத்துவிட்டான்.

அவன் மனைவி ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்ப்பவள். இருநூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு மதியத்துக்குமேல் வருவாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். வந்து பார்த்தால் புருஷன் மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு எலுமிச்சங்கன்று நடுகிறான்.

"ஏங்க, மூக்கு இருக்கிற லட்சணத்துக்குத் தோட்டம் ஒண்ணுதான் கொறைச்சலா? நெருப்பு சுட்ட ஆளு அடுப்புக்குள்ள போயி குடியிருந்த மாதிரி இருக்கு!"

"நான் எனக்கா வைக்கிறேன்?"

"பின்ன யாருக்கு?"

"கஸ்டமருக்கு."

"அந்தக் கஸ்டமருங்க உங்களுக்கு மூச்சு வாங்கித் தருமா? சொல்லுங்க அண்ணி, நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் திரும்பினாள். நானும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

அதிலிருந்து பதினோரு வருஷம் அந்த வீட்டில் சண்டை என்றால் இது ஒன்றுதான். ஒன்று தோட்டம், இல்லை மூச்சு, இரண்டில் ஒன்றுதான் என்று அவள் சொல்லுவாள். இரண்டும் முடியும் என்பான் அவன்.

முடியும் என்று அவன் வாயால் மட்டும் சொல்லவில்லை. அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். காய்ந்த காற்று அடிக்கும்போது கொல்லைப் பக்கமே போகமாட்டான். மழை விட்டதும், தூளெல்லாம் தரையில் படிந்திருக்கும் நேரம் பார்த்து இறங்குவான். மழை இல்லாத நாளில் வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டு இறங்குவான். மூக்கில் ஈரத்துணி, தலையில் துண்டு. வேலை முடிந்ததும் உடுப்பை வெளியிலேயே கழற்றி நனைத்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைப்பான். கொல்லைப்பக்கத்து ஜன்னல்களை அந்த மாதங்களில் சாத்தியே வைப்பான்.

இன்னொன்றும் செய்தான். நாட்காட்டியில் தினமும் கிழிக்கிற தாளைத் தூக்கிப் போடமாட்டான். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவான். இன்றைக்கு எது பூத்தது, காற்று எந்தப் பக்கம், தும்மல் எத்தனை. எழுதி ஒரு பல் செட் டப்பாவில் போட்டுவைப்பான். சின்ன வயதில் நாங்கள் விரல் மடக்கிப் போட்ட கணக்கை அவன் விடவே இல்லை.

அந்தத் தாள்களை வைத்து ஆறு வருஷத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தான். சூரியகாந்தி வைத்த வருஷம் ஒத்துக்கொள்ளவில்லை, பிடுங்கிவிட்டான். சாமந்தியும் அப்படியே. ஆனால் செம்பருத்தி பூத்துக் குலுங்குகிற நாளில் தும்மல் மூன்று, நான்கு. எலுமிச்சைப் பூ கொட்டுகிற நாளிலும் அப்படியே. அவரைக்கொடி பூத்தபோது ஒன்றுமே இல்லை. பக்கத்துக் காலிமனையில் புல் கதிர் விட்ட நாட்களில் மட்டும் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது.

இதைத் தூக்கிக்கொண்டு நெஞ்சு டாக்டரிடம் போனான். அந்த டாக்டர் நல்ல மனிதர். தாள்களைப் பொறுமையாகப் படித்துவிட்டு, இவன் முன்கையில் வரிசையாகச் சொட்டு வைத்துக் குத்திப் பார்த்தார். ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொரு மகரந்தம். புல்லுக்கு வைத்த மூன்று இடமும் கொசு கடித்ததுபோல் தடித்து வீங்கிவிட்டது. மற்றது பலவும் சும்மா இருந்தது. வீட்டுக்கு வந்து கையை நீட்டி எங்களுக்குக் காட்டினான்.

"பாத்தீங்களா? பூச்சி வர்ற பூவுல இருக்கிற தூளு பிசுபிசுப்பா இருக்குமாம். தேனீ காலுல ஒட்டிக்கிட்டுப் போகும், காத்துல அதிகமாப் பறக்காது. புல்லுக்குப் பூச்சி வராது. அதனால அது மொத்தத்தையும் காத்துல கொட்டுது. என் எதிரி பூவு இல்ல. புல்லு!"

"புல்லுல ஏதுங்க பூ?" என்றாள் அவன் மனைவி.

"அதுதான் பூ. அந்தக் கதிரு."

"மாடு திங்கிற புல்லு மனுஷனைக் கொல்லுமாம், பூ கொல்லாதாம். கேட்டுக்கங்க அண்ணி கதையை!"

நான் சிரித்தேன். அவன் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. பூ என்றால் மகரந்தம், மகரந்தம் என்றால் இழுப்பு. இதைத்தான் நாங்கள் இத்தனை வருஷம் மனப்பாடம் செய்து வைத்திருந்தோம்.

அவன் கொல்லையில் ஒரு புல் இருக்காது. தரை தெரியாதபடி செடியை நெருக்கி வைத்திருந்தான். நிழல் விழுந்தால் புல் முளைக்காது. மீறி முளைத்தால் விரல் நீளம் வளரும் முன்னால், மழை விட்டதும் மண்டிபோட்டுப் பிடுங்கிவிடுவான். பொட்டு இடம் சும்மா விடமாட்டான்.

கொல்லைக்குள் என்னவெல்லாம் வந்தது! பெயர் தெரியாத நீல வண்டு, எலுமிச்சை இலையைத் தின்று தீர்க்கும் பச்சைப் புழு, அதிலிருந்து வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி, செம்பருத்திக்குள் தலையை விட்டுக் குடிக்கும் தேன்சிட்டு, ஓணான், தேரை. பழைய பிளாஸ்டர் தாடைகளைத் தூக்கிப் போடாமல் செடிகளுக்கு நடுவே வரிசையாக வைத்து, அதில் தண்ணீர் ஊற்றியிருப்பான். தேனீ மூழ்கிச் சாகாமல் பல்லின்மேல் நின்று குடிக்கத் தோதாக இருக்கும் என்பான். முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். ஐம்பது பேர் மண்ணுக்குள்ளிருந்து வாயைப் பிளந்துகொண்டு தண்ணீர் கேட்கிற மாதிரி இருக்கும்.

"ஊர்ல இருக்கிற வாயெல்லாம் நம்ம வீட்டுக் கொல்லையில" என்று அவன் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். தெருக்கோடியில் இருந்த ஒரு வக்கீலின் தாடையும் அதில் உண்டு. "உசுரோட இருந்தப்ப அந்த வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வரல. இப்ப பாருங்க, தேனீ வருது" என்று அவளே சிரிப்பாள். என் தாடையும் அங்கே எலுமிச்சை அடியில் இருந்தது. "உன் வாயில தேரை குடியிருக்குதுக்கா" என்பான். "எனக்கு வாடகை வாங்கிக்குடுடா" என்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தது. இளைப்பு இல்லாமல் இல்லை. ஆனால் பதினோரு வருஷத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தது இரண்டே தடவை.

மூன்றாவது தடவைதான் எல்லாம் மாறிப்போனது. அன்று முற்பகல். நான் அவன் வீட்டில் பல் செட் உரசுகிறது என்று சரிசெய்ய உட்கார்ந்திருந்தேன். அவன் வாளியோடு கொல்லைக்குப் போனான். அவன் இறங்கிய பிறகுதான் காற்று திடீரென்று பலமாகக் கிளம்பியது. பக்கத்துக் காலிமனையில் யாரோ மெஷின் வைத்துக் காய்ந்த புல்லை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சல் எனக்குக் கேட்டது. அது என்ன இரைச்சல் என்று அப்போது நினைக்கவில்லை. வாளி உருளுகிற சத்தம் கேட்டு ஓடினேன். செம்பருத்திச் செடியைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டிருந்தான். உதடு நீலமாகிவிட்டது. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்துகிறான், உள்ளே போகவில்லை. அவன் தலையிலும் தோளிலும் செம்பருத்தி இதழ் கொட்டிக் கிடந்தது.

பார்த்தவர்கள் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். முதல் ஐந்து நாள் வாயில் குழாய், பேச்சு இல்லை. பழைய நெஞ்சு டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இருந்தது இளவயது டாக்டர். அவசரத்தில் இருந்தார். "வீட்ல பூச்செடி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"கொல்லை நிறைய இருக்குங்க."

"மகரந்த அலர்ஜி இருக்கிறவர் வீட்லயா? மொதல்ல அதையெல்லாம் எடுங்க. அடுத்த தடவை இப்படி வந்தா நான் பொறுப்பில்ல."

அவள் வராந்தாவில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதினோரு வருஷமா கத்துனேன் அண்ணி. ஒரு நாளு ஒழுங்காக் கத்தியிருந்தா கேட்டிருப்பாரோ என்னவோ" என்று அழுதாள். கல்யாணமாகித் தூரத்தில் இருக்கும் மகளும் போனில், "அம்மா, அப்பா வர்றதுக்குள்ள எடுத்துடு. வந்தா விடமாட்டாரு" என்றாள். நானும் சொன்னேன், "எடுத்துடலாம்மா. தோட்டம் போனா போகட்டும். ஆளு வேணும்."

இதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. நானும் சொன்னேன்.

எதிர்வீட்டு வேன் டிரைவர் இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார். ஒரே நாள். எலுமிச்சையை அடியோடு சாய்த்தார்கள். அவரைக்கொடியைப் பந்தலோடு இழுத்தார்கள். செம்பருத்தியை வெட்டியபோது தேன்சிட்டு ஒன்று வேலிக்கம்பியில் உட்கார்ந்து விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நான் சும்மா நிற்கவில்லை. முட்டி வலியோடு குனிந்து சின்னச் செடிகளை என் கையால் பிடுங்கினேன். தாடைகளையெல்லாம் சாக்கில் அள்ளி வேனில் ஏற்றினார்கள். சாக்கு ஓட்டை வழியாக ஒரு கீழ்த்தாடை எட்டிப் பார்த்தது. என்னுடையதா, வக்கீலுடையதா தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தால் வெறும் சிவந்த மண். வீட்டுக்குள் வெளிச்சம் கூடிவிட்டது. அவன் மனைவி மண்ணைக் கூட்டித் தண்ணீர் தெளித்துச் சமப்படுத்தினாள். மாதக்கணக்கில் சாத்திக் கிடந்த கொல்லைப்பக்கத்து ஜன்னலைத் திறந்து, துடைத்து, அதன் அடியில் அவனுக்குக் கட்டிலைப் போட்டாள்.

"இனிமே தாராளமாக் காத்து வரட்டும்" என்றாள். அப்படி ஒரு நிம்மதி அவள் முகத்தில்.

அவன் வந்தான். பாதியாகிப் போயிருந்தான். ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தைதான் வரும். கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். நாங்கள் இருவரும் பரீட்சை எழுதிய பிள்ளைகள்போல நின்றோம்.

"யாரு... செஞ்சா?"

"நான்தான்" என்றாள் அவள். "திட்டணும்னா திட்டுங்க. எனக்கு நீங்க வேணும்."

அவன் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான், "தரைய... சும்மா விடாத. எதையாவது... போட்டு மூடு."

"மூடுறேங்க, மூடுறேங்க. நீங்க படுங்க" என்றாள். வெளியே வந்து என்னிடம், "பாத்தீங்களா அண்ணி? படுத்துக்கிட்டே மறுபடியும் நடறதுக்கு அடி போடுறாரு" என்றாள். கடப்பாரையையும் மண்வெட்டியையும் எதிர்வீட்டு டிரைவரிடம் கொடுத்து ஒளித்துவைத்தாள்.

பத்தாம் நாள் நல்ல மழை. வெறும் மண், நல்ல வெயில், நல்ல மழை. பக்கத்து மனையிலிருந்து எத்தனை வருஷமாக வந்து விழுந்த விதையோ, காத்துக்கொண்டிருந்த மாதிரி கிளம்பிவிட்டது. முதலில் பச்சை நூல் நூலாக, இரண்டு வாரத்தில் பாய் விரித்தாற்போல. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அழகு என்று நான்தான் முதலில் சொன்னேன்.

"அக்கா... நீயாவது... பிடுங்கு" என்றான்.

"கண்ணுக்குக் குளுமையா இருக்குடா. பூவா இருக்கு, பயப்படுறதுக்கு? விட்டுத்தள்ளு. எனக்கும் முட்டி மடங்கல."

"புல்லு அக்கா... புல்லு."

"ஆமாடா, புல்லுதான். ரெஸ்ட் எடு."

மனைவியிடமும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறான். ஜன்னலைச் சாத்து என்றும் சொல்லியிருக்கிறான். "சாத்துனா புழுங்குது. அப்புறம் மூச்சு முட்டுதும்பீங்க" என்று அவள் திரையைக்கூட ஒதுக்கிவிட்டாள். பிறகு அவன் சொல்வதை நிறுத்திவிட்டான். ஒத்துக்கொண்டுவிட்டான், தோட்டத்து ஆசை விட்டுப்போய்விட்டது என்று அவளும் நானும் சந்தோஷப்பட்டோம். நாட்காட்டித் தாளையும் பென்சிலையும் மட்டும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஆறாவது வாரம் மழை நின்று காற்று கிளம்பியது. புல் இடுப்பளவு வளர்ந்து, நுனியில் வெளிறிய கதிரோடு அலை அலையாக ஆடியது. அன்றைக்கு அவள் விடுதியில் வேலை முடித்து மூன்று மணிக்கு வந்தாள். கட்டிலில் அவன் இல்லை. ஜன்னலுக்கடியில் தரையில் கிடந்தான். ஒரு கை ஜன்னல் கதவைப் பிடித்திருந்தது. ஒரு கதவைச் சாத்தியிருந்தான். இன்னொன்று எட்டவில்லை.

எனக்குச் சொல்லி அனுப்பி நான் போனபோது ஜன்னல் மேடையிலும் அவன் தலைமுடியிலும் மாவு மாதிரி ஒன்று படிந்திருந்தது. பிளாஸ்டர் பொடி என்று நினைத்துத் துடைத்தேன். கையில் மஞ்சளாக ஒட்டியது.

எல்லாரும் வந்து போன பிறகு, மகளும் ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒருநாள் மத்தியானம் அவள் அந்தப் பல் செட் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். தலையணைக்கடியில் இருந்த தாள்களும் அதில் இருந்தன. "எனக்குக் கண்ணு கலங்கி எழுத்து தெரியல. படிங்க அண்ணி."

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எனக்கு மனசுக்குள் படிக்க வராது. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாய்விட்டுத்தான் படிப்பேன். வாய் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று எனக்கே தெரியும்.

"புல் முளைத்திருக்கிறது. சொன்னேன்."

"மறுபடி சொன்னேன். அக்காவிடமும் சொன்னேன்."

"ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். காற்று வேண்டும் என்கிறாள்."

அடுத்த தாள் கடைசித் தாளுக்கு முந்தியது. அதையும் அதே மாதிரி கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டேன். முதல் வரியிலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை.

"கதிர் வந்துவிட்டது. இனிப் பிடுங்கினால் இன்னும் பறக்கும். மழைக்குக் காத்திருக்கிறேன். மருந்து இருக்கிறது, சமாளிக்கலாம். அவளிடம் இனிச் சொல்லக்கூடாது. தன்னால்தான் என்று நினைத்துக்கொள்வாள்."

கடைசித் தாளில் வார்த்தை ஒன்றும் இல்லை. தும்மல் எத்தனை என்று எழுதும் இடத்தில் கோடு கோடாகப் போட்டு வந்திருந்தான். எண்ணவில்லை நான்.

அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். இடுப்பளவு புல்லுக்கு நடுவில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் பிடுங்க ஆரம்பித்தாள். துணி கட்டவில்லை. மஞ்சள் தூள் அவள் முகமெல்லாம் பறந்து ஒட்டியது. அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆயுசில் அவள் தும்மி நான் பார்த்ததில்லை. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முட்டி மடங்கியது, வேண்டிய நேரத்தில் மடங்காத முட்டி.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. விடுதி வேலையை விட்டுவிட்டாள். பட்டறையைப் பூட்டிவிட்டாள். ஜன்னல் இடுக்கு வழியாக மெழுகு வாசனைக்கு இன்னும் ஒன்றிரண்டு தேனீ வந்து கம்பியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. ஒவ்வொரு மழைக்கும் புல் முளைக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அவள் அதை விரல் நீளத்துக்குமுன் பிடுங்கிவிடுகிறாள். மண்ணை வெறுமையாக விட்டுவிடுகிறாள். வெறும் மண்ணில் மறுபடி முளைக்கிறது.

போன மாதம் போனபோது பொறுக்காமல் கேட்டேன். "ஏம்மா, அவன் மூடச் சொன்னானே. நாலு செடி வச்சா புல்லு வராதே. எத்தனை நாளைக்கு இப்படிக் குனிஞ்சுக்கிட்டே இருப்ப?"

அவள் நிமிரவில்லை. கையில் இருந்த புல்லை உதறி மண்ணைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் போட்டாள்.

"மூடிட்டா வேலை முடிஞ்சிடும் அண்ணி" என்றாள். அடுத்த புல்லைப் பிடித்தாள்.